வட்டம் போடுவதெல்லாம் பருந்து

வானத்தைப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். குடியாத்தம் பக்கம் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணங்களில், "பூனாவுல இன்னா வேல செய்ற?" என்று கேட்பார்கள். "மலைமேல உக்காந்து வானத்தப் பாக்கறேன்" என்பேன். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு என் மனைவி வசந்தாவைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

பொய் இல்லை, அதுதான் வேலை. எங்கள் கம்பெனியின் ட்ரோன் மலைக்கிராமங்களுக்கு மருந்து கொண்டுபோகும்; திரும்பும்போது அங்கே சுகாதார நிலையத்தில் எடுத்த ரத்த மாதிரிகளைக் கொண்டுவரும். ஓட்டுகிறவர் அடிவாரத்தில் ஒரு வேனுக்குள் திரையைப் பார்த்தபடி இருப்பார். ட்ரோனோ அவர் கண்ணுக்கு எட்டாத தூரத்தில், மலைகளைத் தாண்டிப் பறக்கும். அதன் எதிரே ஒரு ஹெலிகாப்டர் வந்தால் யார் பார்ப்பது? அதற்காக வழிநெடுக, மேட்டுக்கு ஒருவராக எங்களை உட்கார வைத்திருந்தார்கள். கையில் ஒரு வாக்கிடாக்கி, தலையில் ஒரு தொப்பி. இப்போது ட்ரோனின் மூக்கிலேயே ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. அதுவே பார்க்கிறது, அதுவே விலகுகிறது. மேடுகளில் ஆட்கள் இல்லை.

அந்தப் பெட்டிக்குக் கண் வைத்தவர் பிரவீண். கோயம்புத்தூர்க்காரர், என் மகன் வயது இருக்கும். போன வாரம் போன் செய்தார்.

"அண்ணா, அன்னிக்குப் பெட்டிக்குப் பரீட்சை வெச்சப்போ மேட்டு மேல நீங்க என்ன பார்த்தீங்களோ, அதை அப்படியே எழுதிக் குடுங்க. திங்கக்கிழமை மீட்டிங்ல காட்டோணும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்ங்க."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் எழுதுவதை நாலு படித்தவர்கள் உட்கார்ந்து படிப்பதா என்பது ஒரு பயம். நான் எழுதுவதைப் பார்த்து ஒரு முடிவு எடுப்பார்கள் என்பது இன்னொரு பயம். அப்படியே எழுத வேண்டுமென்றால் அன்றைக்கு முன்னால் நடந்ததையும் எழுதித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் புரியாது.

பூனாவில் போபோடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவன் நான். அப்பா கட்கி ஃபேக்டரியில் வேலை பார்த்தார். அவருக்கு இதய நோய் வந்த வருஷம் படிப்பை நிறுத்தினேன். பெட்டி அடுக்கினேன், டெம்போவில் கிளீனராகப் போனேன், கடைசியில் கோந்த்வாவில் இந்த ட்ரோன் கம்பெனி வாசலில் வாட்ச்மேன் ஆனேன். சிறு வயதிலிருந்தே நான் பயந்த சுபாவம். கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில் தாபோடிவரை போன பிறகு பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன். கம்பெனியிலும் அப்படித்தான். ஒயர் கருகும் வாசனை, மூடாத ஜன்னல், வழக்கமில்லாத ஒரு சத்தம், எதுவானாலும் மேலே போன் போட்டுவிடுவேன். சூப்பர்வைசர் என்னை ஒழித்துக்கட்டப் பார்த்தார். புகார் சாரதா மேடத்திடம் போயிற்று.

பறக்கவிடும் வேலை முழுக்க அவர் பொறுப்பில் இருந்தது. அவரும் இந்த ஊரிலேயே வளர்ந்த தமிழ்க் குடும்பம். அப்போது நாற்பது வயது இருக்கலாம். பாதி தமிழும் பாதி இந்தியுமாகப் பேசுவார். என்னைக் கூப்பிட்டு, நின்றபடியே கேட்டார்.

"செல்வராஜண்ணா, உங்களுக்கு பயம் ஜாஸ்தியாமே?"

"ஆமாங்க மேடம்."

"எதுக்கு பயம்?"

"எல்லாத்துக்கும்."

"அச்சா. நாளைலேர்ந்து கேட்டுக்கு வேற ஆள் வரட்டும். நீங்க கண் டெஸ்ட் பண்ணிட்டு என்கிட்ட வாங்க. எனக்கு தைரியசாலி வேணாம், நிறைய பேரு இருக்காங்க."

பயிற்சி சில வாரங்கள்தான். வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சோம்பிப்போய்த் தனக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். தூரத்தில் வருவது தெரியாது. அதனால் முதலில் தூரத்து மலை விளிம்பைப் பார்த்துக் கண்ணை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பிறகு வானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் தங்கிப் பார்க்க வேண்டும். துடைப்பம் போடுகிற மாதிரி கண்ணை இழுத்துக்கொண்டு போகக் கூடாது. காற்று வீசும்போது தொப்பியைக் கழற்றிவிட்டுக் காது கொடுக்க வேண்டும். ஏதாவது வந்தால் வாக்கிடாக்கியில் "நிறுத்து" என்று சொல்ல வேண்டும். ஓட்டுகிறவர் உடனே ட்ரோனைப் பக்கத்தில் முன்பே குறித்து வைத்த வெட்டவெளியில் இறக்கிவிடுவார்.

மேடத்தின் விதி ஒன்றே ஒன்று. "நிறுத்து" என்று யார் சொன்னாலும் ட்ரோன் காற்றில் இருக்கும்வரை யாரும் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது. இறங்கிய பிறகு அவர் நடந்தே மேட்டுக்கு ஏறி வருவார், மூச்சு வாங்க நிற்பார். "ஏன் நிறுத்தினீங்க?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. "என்ன பார்த்தீங்க?" என்றுதான் கேட்பார். நான் சொல்லி முடித்ததும், "டீக் ஹை அண்ணா", சரி அண்ணா, என்பார், அவ்வளவுதான். முதல் மாதத்தில் என் பேச்சைக் கேட்டு ட்ரோன் இறங்கியதெல்லாம் பருந்துகளுக்காகத்தான். ஒருமுறை கிழிந்த பிளாஸ்டிக் பை. பைக்கும் அதே கேள்வி, அதே "டீக் ஹை".

பருந்துதான் எங்களுக்குப் பெரிய தொல்லை. வெயில் ஏறி மலை சூடானதும் எங்கிருந்தோ வந்து ஒரே இடத்தில் சுற்றிச்சுற்றி மேலே போகும். அதற்கெல்லாம் இறக்கிக்கொண்டிருந்தால் ரத்த மாதிரி வெயிலில் கெட்டுப்போகும். சுகாதார நிலையத்து நர்ஸ் ஒரு தடவை போனில் மேடத்தைப் பிடித்து உலுக்கிவிட்டார். பிரசவத்துக்கு இருந்த ஒரு பெண்ணின் ரத்தத்தை இரண்டாம் முறை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் பிரவீண் பெட்டியோடு வந்தார். உள்ளங்கை அகலம். பெரிய விமானங்கள் தாம் இருக்கும் இடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகுமாம். அதைக் கேட்க ஒரு காது. சொல்லாமல் வருவதைப் பார்க்கக் கேமராக் கண்கள். எதிரே ஏதாவது தெரிந்தால் ட்ரோனைத் தானே வலது பக்கம் திருப்பிக் கீழே தணிக்கும்.

முதல் வாரம் அது பட்ட பாடு! பருந்தைப் பார்த்து வலது பக்கம் திரும்பும். அங்கே இன்னொரு பருந்து, மறுபடி வலது. இப்படியே சுற்றிச்சுற்றி பேட்டரி தீர்ந்து ஒருநாள் கரும்புத் தோட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. வீட்டில் சொன்னேன். வசந்தா சப்பாத்தி தேய்ப்பதை நிறுத்தாமல், "உன்ன மாரியே ஒரு டப்பா செஞ்சிட்டாங்களா? பாவம், அது யாரைக் கட்டிக்கினு அழப்போவுதோ" என்றாள்.

பெட்டியைச் சோதிக்கும் முறையைச் சொல்ல வேண்டும், விஷயம் அங்கேதான் இருக்கிறது. எதிரி வேஷத்துக்கு இன்னொரு ட்ரோனை எங்கள் ட்ரோனுக்கு நேர் எதிரே பறக்கவிடுவார்கள். பெட்டி விலகுகிறதா என்று பார்ப்பார்கள். விலகாவிட்டால்? அதற்காக மேடம் இரண்டுக்கும் நடுவே ஒரு தென்னைமர உயரம் இடைவெளி வைப்பார். பெட்டி தூங்கிவிட்டாலும் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போய்விடும். இந்த இடைவெளியை உறுதியாக வைக்க வேண்டுமென்றால் எதிரி ட்ரோன் நேர்கோட்டில்தான் வர வேண்டும். வளைந்தால் உயரம் ஏறி இறங்கும். கோட்டை மேடமே கிளம்புமுன் திரையில் விரலால் தடவிப் பார்ப்பார். வளைவு இருந்தால் விடமாட்டார். பெட்டி பார்த்த ஆபத்தெல்லாம் இப்படி நேர்கோட்டில் வந்தவைதான். எங்கள் ஜாக்கிரதைதான் அதற்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது. அப்போது எங்களில் யாருக்கும் இது தோன்றவில்லை.

பிரவீணுக்கு வழி கிடைத்தது அதிலிருந்துதான். "பாருங்கண்ணா, விமானமோ ஹெலிகாப்டரோ நேராத்தான் வருது. பருந்துதான் ஒரே எடத்துல வட்டம் போடுது. வட்டம் போடறதெல்லாம் பருந்துன்னு சொல்லிக் குடுத்துட்டா முடிஞ்சுதுங்க." சொல்லிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து பெட்டி அமைதியாகிவிட்டது. வட்டம் போடுவதைக் கண்டால் "பறவை" என்று குறித்துக்கொண்டு தன் வழியே போகும். மாதிரிகள் நேரத்துக்கு வந்தன. நர்ஸ் ஒரு டப்பா பேடா கொடுத்தனுப்பினார். நாங்களும் பழகிக்கொண்டோம், பருந்து சுற்றினால் வாக்கிடாக்கியில் "வட்டம்" என்போம், ஓட்டுகிறவர் "சரி" என்பார், ட்ரோன் நிற்காது.

பிறகு பரீட்சை வந்தது. ஆட்கள் இல்லாமலே பறக்க அனுமதி வேண்டும். அதைக் கொடுக்க அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். மேடுகளில் ஆள் வேண்டாம், பெட்டி மட்டும் போதும் என்று காட்டினால்தான் அழகு என்றார் முதலாளி. ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று மேடம் பிடிவாதமாக நின்றார். கடைசியில் ஒரு சமரசம்: நாங்கள் உட்காரலாம், ஆனால் எங்களில் ஒருவர் "நிறுத்து" என்றால் பெட்டி தோற்றதாகக் கணக்கு. தோற்றால் மேடத்தின் நாற்காலி நிற்காது என்று ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். ஜெயித்தால் எங்கள் வேலை இருக்காது. அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

பரீட்சையன்று காலையில் வேன் பக்கத்தில் மேடம் எங்களைக் கூட்டிப் பேசினார். நின்றபடியேதான்.

"நிறுத்தணும்னு தோணினா நிறுத்துங்க. நான் பார்த்துக்கறேன்."

நான் கேட்டேவிட்டேன். "மேடம், நான் நிறுத்துனா வேல போயிடும்னுதான் நிறுத்துனேன்னு சொல்லுவாங்களே?"

"சொல்லட்டுமே. நீங்க எப்பவுமே எதையாவது நினைச்சு பயந்துட்டுதான் இருக்கீங்க. அதுல இதையும் ஒண்ணா சேர்த்துக்குங்க. சலோ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் மேடு மலைமுகட்டுக்கு எதிரே இருந்தது. நல்ல வெயில். ட்ரோன் கிளம்பிவிட்டது என்று வாக்கிடாக்கியில் வந்தது. முகட்டுக்கு மேலே மூன்று பருந்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. "வட்டம்" என்றேன். "சரி" என்று பதில் வந்தது. கண்ணை விளிம்புக்குக் கொண்டுபோய்த் திரும்ப முகட்டுக்கு வந்தபோது நாலாவதாக ஒன்று இருந்தது. அதுவும் வட்டம்தான். மற்ற மூன்றோடு சேர்ந்து அதே பக்கமாகச் சுற்றியது. கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. கிட்டத்தில் இருந்தால் பருந்தும் பெரிதாகத்தானே தெரியும்? சிறகு அடிக்கவில்லை. பருந்தும்தான் அடிக்காமல் மிதக்கும். சூரியன் அதற்குப் பின்னால். கறுப்பாக, மெல்லிசாக, வளைந்த ஒரு கோடு. திரும்பும்போது மெலிந்து காணாமல் போகும், மறுபடி வரும்.

ட்ரோனின் சத்தம் கேட்கத் தொடங்கியது. அதன் வழி முகட்டைத் தொட்டுத்தான் போகும். பெட்டி நாலாவதையும் பார்த்திருக்கும், பறவை என்று குறித்திருக்கும், விலகாது. நான் வேலைக்காகச் சொல்கிறேனா, பயத்துக்காகச் சொல்கிறேனா, பார்த்ததற்காகச் சொல்கிறேனா என்று எனக்குள்ளேயே ஒரு பஞ்சாயத்து. மேடத்தின் முகம் வந்தது. வசந்தா முகமும் வந்தது. சத்தம் நெருங்கியது.

"நிறுத்து" என்றேன்.

யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. ட்ரோன் இறங்கியது. நாலாவதும் முகட்டுக்கு அப்பால் இறங்கி மறைந்துவிட்டது. மூன்று பருந்து மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன.

இந்தத் தடவை மேடத்தின் பின்னால் முதலாளியும் இரண்டு அதிகாரிகளும் பிரவீணும் ஏறி வந்தார்கள். மேடம் மூச்சு வாங்க நின்று கேட்டார். "என்ன பார்த்தீங்க?"

"மூணு பருந்து மேடம். நாலாவது ஒண்ணு கூடச் சேந்து சுத்துச்சு. அது இன்னான்னு தெரில."

"தெரியாதா?" என்றார் ஒரு அதிகாரி இந்தியில். "தெரியாமலா நிறுத்தினீர்கள்?"

பிரவீண் மடிக்கணினியைத் திறந்து கேமராப் படத்தைக் காட்டினார். நாலு புள்ளி. ஒன்று கொஞ்சம் தடிப்பு. நாலுக்கும் பெட்டி போட்ட பெயர் பறவை. "கழுகாக இருக்கும்" என்றார் இன்னொரு அதிகாரி. முதலாளி என்னைப் பார்க்காமல் மராத்தியில் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. பிழைப்புக்காக ஒரு வருஷ உழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டான் என்றார்.

மேடம் குரலை உயர்த்தவில்லை. கோபம் வந்தால் அவர் குரல் இறங்கும். "நிறுத்துன்னா நிறுத்தறது நான் போட்ட விதி. அவரைக் கேட்க வேண்டியதை நான் கேட்டாச்சு. மீதியை என்கிட்ட கேளுங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "டீக் ஹை அண்ணா" என்றார். அதுதான் கடைசி "டீக் ஹை".

சில வாரங்களில் அவர் போய்விட்டார், நாசிக் பக்கம் வேறு ஏதோ கம்பெனிக்கு. புதிதாக வந்தவர் அடுத்த பரீட்சையில் மேடுகளில் ஆளே வைக்கவில்லை. மேகம் மூடிய நாள், ஒரு பருந்துகூட இல்லை. பெட்டி ஜெயித்தது. எங்களை ஒவ்வொருவராக அனுப்பத் தொடங்கினார்கள். அனுமதி கிடைக்காத ஒரு வழியில் மட்டும் இன்னும் ஆட்கள் தேவைப்பட்டதால் ஓய்வு வரைக்கும் என்னை அங்கே விட்டுவைத்தார்கள். அன்று நான் நிறுத்தியது எதற்காக என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொண்டவர்கள் போல நடந்துகொண்டார்கள்.

அந்த வழியில் ஒருநாள் மத்தியானம், என் மேட்டுக்குக் கீழே அறுத்த வயலில் ஒருவன் இறங்கினான். பெரிய துணிச்சிறகில் தொங்கிக்கொண்டு பறப்பார்களே, பாராகிளைடர், அதில் வந்தவன். காற்று கெட்டுப்போய் இறங்கினானாம். தண்ணீர் கேட்டு மேலே வந்தான். இந்தியில்தான் பேசினோம்.

"இஞ்சின் இல்லையேப்பா, எப்படி மேல ஏறுற?" என்று கேட்டேன்.

"பருந்து இருக்கே அங்கிள்! அது எங்க சுத்துதோ அங்க சூடான காத்து மேல போகுதுன்னு அர்த்தம். நாங்க போய் அதுகூடவே சேர்ந்து சுத்துவோம். அது எந்தப் பக்கம் சுத்துதோ நாங்களும் அந்தப் பக்கம்."

"கூடவேயா?"

"கூடவே. கண்ணைப் பார்க்கலாம். எங்களுக்கு டீச்சரே அதுதான்."

தண்ணீர் பாட்டிலை அவனிடம் கொடுத்தேன். பரீட்சை நாளில் நான் பார்த்த முகட்டைச் சொல்லி, அந்தப் பக்கம் உங்கள் ஆட்கள் வருவார்களா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினான். "காத்து எங்க கொண்டுபோனா அங்க. யாரு எப்ப வந்தாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

அன்று சாயங்காலம் மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன். "எனக்கு இதனால எதுவும் திரும்பி வராது அண்ணா. பிரவீண்கிட்ட சொல்லுங்க, உடனே" என்றார்.

பிரவீண் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் மேட்டுக்கே வந்தார். மத்தியானம் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து பருந்துகளைப் பார்த்தார். கொண்டுவந்த வடாபாவைத் தொடவில்லை. "நேராப் போறதைத்தானுங்க அதுக்குக் காட்டினோம்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். அடுத்த வாரமே பெட்டியிலிருந்து அந்த வட்டக் கணக்கை எடுத்துவிட்டார். பெட்டி பழையபடி பயந்தது. மழைக்காலம் முழுக்கப் பருந்துகள் குறைவு, ஒருவாறு சமாளித்தார்கள். இப்போது மறுபடி தாமதம், மறுபடி நர்ஸின் போன்கள். வட்டக் கணக்கைத் திரும்பப் போடு என்று முதலாளி சொல்கிறார். இதுவரை ஒரு மோதலாவது நடந்திருக்கிறதா என்று கேட்கிறார். நடக்கவில்லை. அதைத்தான் திங்கட்கிழமை பேசப் போகிறார்கள்.

நான் இதை எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து வசந்தா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மனுசன்தான்னு எழுதேன்யா. காலு தொங்குச்சு, கண்ணால பாத்தேன்னு ஒரு வரி எழுதிட்டா அந்தக் கணக்க திரும்பப் போட மாட்டாங்க இல்ல? நல்லதுக்குத்தானே? யாரு வந்து மேல ஏறிப் பாக்கப் போறாங்க?"

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மேடத்தின் பெயரும் திரும்பும். என் பெயரும்தான். இரண்டு நாளாக அந்த ஒரு வரியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் வாக்கிடாக்கியைப் பிடித்திருந்த வருஷங்களில் மேடம் என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நான் பார்த்ததைச் சொன்னால் அது பிளாஸ்டிக் பையானாலும் ஏற்றுக்கொண்டார். பார்க்காததைப் பார்த்தேன் என்று நான் இப்போது சொன்னால், அந்த மேட்டில் நான் சொன்ன எல்லா "நிறுத்து"ம் முதலாளி சொன்னது போலப் பிழைப்புக்காகச் சொன்னதாகத்தான் ஆகிவிடும்.

ஆகவே, பிரவீண் தம்பி, உள்ளபடி எழுதுகிறேன். நாலாவதாக ஒன்று பருந்துகளோடு வட்டம் போட்டது. கறுப்பாகத் தெரிந்தது. சிறகு அடிக்கவில்லை. கால் தொங்கியதை நான் பார்க்கவில்லை. மனிதன் என்று சொல்ல மாட்டேன், பருந்து என்றும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியவில்லை. தெரியாததால்தான் நிறுத்தச் சொன்னேன். உங்கள் பெட்டிக்கு, "தெரியவில்லை" என்று சொல்லத் தெரியாது. அது பறவை என்று எழுதிவிட்டுப் போகும். கூட்டத்தில் என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். இது போதாமல் போகலாம்.

மழை நின்று இரண்டு வாரமாகிறது. வெயில் நன்றாக அடிக்கிறது. மலைகள் சூடாகத் தொடங்கியிருக்கும், முகட்டுக்கு மேலே வட்டங்களும்.